பம்ப் ஹவுஸ் ரேடியோ

நகரத்துக்குத் தண்ணீர் அனுப்பும் நான்கு பம்ப் ஹவுஸ்களில், மூன்றாவதில் இருக்கும் பதிவேட்டில் மட்டும் ஒரு கட்டம் கூடுதலாக உண்டு. மற்ற மூன்றிலும் நேரம், அழுத்தம், சூடு, கையெழுத்து. இங்கே சூட்டுக்கும் கையெழுத்துக்கும் நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ‘சத்தம்’ என்று எழுதியிருக்கும். அதன் கீழே பெரும்பாலும் ‘அதே’. எப்போதாவது, ‘இரண்டாம் நம்பர் லேசாக இழுக்கிறது’. ஒரு தடவை, ‘ஒன்றாம் நம்பருக்கு ஜலதோஷம்’.

புதிதாக வந்த இஞ்சினியர் அதை இரண்டு முறை படித்தார்.

“இது யார் வேலை?”

“ரேடியோ எழுதினது சார்” என்றார் வாட்ச்மேன்.

“ரேடியோ எழுதுமா?”

“எழுதும் சார். காலை ஷிப்டுக்கு வரும், பாருங்க.”

வந்தவளுக்கு முப்பது வயது இருக்கும். சாப்பாட்டுப் பையை ஆணியில் மாட்டினாள். இஞ்சினியருக்கு வணக்கம் சொல்வதற்கு முன்பே, ஓடிக்கொண்டிருந்த மூன்று பம்ப்புகளையும் நின்ற இடத்திலிருந்து ஒரு முறை கேட்டுவிட்டாள். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வாசலில் பேசுகிறவர்கள் வைத்துக்கொள்வார்களே, அப்படிக் கொஞ்சம் சாய்ந்த தலை.

ரேடியோ என்ற பெயர் அவளுக்கு வந்தது இங்கே அல்ல. ஒரு மாவு மில்லுக்கு மேலே.

கீழே மில். மேலே இரண்டு அறை. அப்பா அதிகாலையில் இறங்கிப் போனால் மத்தியானம் ஒரு முறை ஏறி வருவார், புருவம், இமை, காது முடி எல்லாம் வெளுத்து. குளித்துவிட்டு வந்தால் பத்து வயது குறைந்திருக்கும். “உங்க வீட்டுக்காரர் தினமும் ரெண்டு தடவை வயசாகிறாரே” என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் அம்மாவைக் கேலி செய்வார்கள். மாடிப்படியில் எப்போதும் மாவு இருந்தது. அதில் பதிந்த பாதங்களைப் பார்த்தே வீட்டுக்கு யார் வந்தது, யார் போனது என்று அம்மா சொல்லிவிடுவாள்.

மில் ஓடும்போது மாடி முழுவதும் அடித்தொண்டையில் ஒரு ரீங்காரம் நிற்கும். அலமாரிக் கண்ணாடி, தம்ளர்கள், தரை எல்லாம் அதில் அதிர்ந்தன. அந்த வீட்டில் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். பாடினால் கத்த வேண்டியதில்லை. ரீங்காரமே குரலைத் தாங்கிக்கொள்ளும். அதனாலோ என்னவோ, அந்த வீட்டில் எல்லோரும் பாடினார்கள். அப்பா அரைக்க வந்த தானிய டப்பாக்களைக் கொட்டிக்கொண்டே பாடுவார். மேலே இருந்து அம்மா சேர்ந்துகொள்வாள். அண்ணன் ஷேவ் செய்துகொண்டே பாடுவான், கன்னத்தில் வெட்டிக்கொள்வான். எல்லோரையும் விட அதிகம் பாடியவள் அவள்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வீசியதும் ஆரம்பித்தால், மில் நிற்கும்வரை நிற்காது. “ரேடியோவைக் கொஞ்சம் நிறுத்தும்மா, மாவு சலிச்சாச்சான்னு கேக்கணும்” என்று கீழே வரிசையில் நின்ற யாரோ ஒருத்தி கத்தினாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

பன்னிரண்டு வயதில் பாட்டு டீச்சர் வந்தார். வாரம் மூன்று நாள் சாயங்காலம் மாடியில் பாடம். போகும்போது கீழே டீச்சரின் டப்பா அரைத்துத் தயாராக இருக்கும். வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆறு வருஷம் டீச்சர் சொன்னது ஒரே வார்த்தை. “பேஷ்.”

பதினெட்டு வயதில் இசைக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். வேறு எங்கும் விண்ணப்பிக்கவில்லை. “வேற எதுக்கு? அவளை எடுக்கலேன்னா வேற யாரை எடுப்பாங்க?” என்றார் அப்பா. அரைக்க வந்தவர்களிடமெல்லாம் தேர்வுத் தேதியைச் சொன்னார். ஒரு கட்டத்தில் அவர்களே அவருக்கு ஞாபகப்படுத்த ஆரம்பித்தார்கள்.

தேர்வு நடந்த அறையில் சுவரெல்லாம் துணி ஒட்டியிருந்தது. கதவைச் சாத்தியதும் காதில் பஞ்சை வைத்து அடைத்த மாதிரி ஆகிவிட்டது. இவ்வளவு அமைதியில் அவள் அதுவரை வாயைத் திறந்ததில்லை. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். மேஜை மேல் ஒரு சுருதிப் பெட்டி சன்னமாக இழைந்துகொண்டிருந்தது.

பாடினாள். மூன்றாவது வரியில் ஓரத்தில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். நான்காவதில் நடுவில் இருந்த அம்மாள் மற்ற இருவரையும் பார்த்தார். முடித்ததும், “பெட்டியைக் கேட்டு இன்னொரு தடவை பாடும்மா” என்றார். குரலில் கடுமை இல்லை. பாடினாள்.

“அரைச் சுருதி இறங்குறே. தெரியுதா?”

“இல்லீங்க.”

“இறங்கிட்டு, சரியா அதே இடத்துக்குத் திரும்பி வந்து நிக்கிறே. தப்பாப் பாடுறவங்க இப்படித் திரும்பி வர மாட்டாங்க. அதான் எனக்குப் புரியலே.” பதிவு செய்ததை ஓடவிட்டார். “நீயே கேளு.”

கேட்டாள். முதல் இரண்டு வரி பெட்டியோடு ஒட்டி நின்றன. மூன்றாவதில் அந்தக் குரல், மெத்தையில் உட்கார்ந்த மாதிரி, மெதுவாகப் புதைந்தது. ஆறாவது வரியில் எழுந்து வந்தது. அடுத்த வரியில் மறுபடி. வாதாட இடமில்லை. தன் குரல்தான். தான் ஒருமுறைகூடக் கேட்டிராத குரல்.

பஸ்ஸில் மூன்று நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கி நடந்து வந்தாள்.

அப்பா மில்லை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். சுருதி சேரவில்லையாம், எடுக்கவில்லை என்றாள். “எவன் சொன்னான் சுருதி சேரலேன்னு? எனக்கு வீட்டு விலாசம் குடு.”

“விடுங்கப்பா. நானும் கேட்டேன். சேரலை.”

“உனக்கு என்ன தெரியும்?” என்றார் அப்பா, ஆதரவாகத்தான்.

அந்த ஒரு கேள்விதான் அதற்குப் பிறகு அவளைத் தூங்கவிடாமல் செய்தது. பாட்டுக்காரி இல்லை என்றால் தான் என்ன என்பது அவளுக்குத் தெரியவில்லை. அதுகூடப் போகட்டும். ஆறு வருஷம் தன் காது தன்னிடம் பொய் சொல்லியிருக்கிறது. இனி அது சொல்லும் எதை நம்புவது?

மறுநாள் டீச்சர் வீட்டுக்குப் போனாள். டீச்சர் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

“உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?”

டீச்சர் எது என்று கேட்கவில்லை. ஒரு துண்டை உதறினார். உதறிய துண்டையே மறுபடி உதறினார்.

“சொல்லியிருக்கலாமே.”

“எப்படிம்மா சொல்றது? உங்கப்பா பக்கத்துல நின்னு தலையாட்டுவாரு. உங்கம்மா கண்ணுல தண்ணி வந்துடும். நடுவுல நான் மட்டும் சேரலேன்னா...” துண்டைக் கொடியில் போட்டார். “முதல் வருஷம் சொல்லாம விட்டுட்டேன். அப்புறம் எந்த வருஷம் சொல்றது?”

“டப்பாவுக்காகவா?”

டீச்சரின் முகம் சிவந்தது. “அப்படியும் வெச்சுக்கோ” என்றார்.

அன்றிலிருந்து ரேடியோ பாடவில்லை. கீழே வரிசையில் நின்றவர்கள் மேலே பார்த்தார்கள். “என்ன, ரேடியோ ரிப்பேரா?” “பேட்டரி போயிடுச்சு போல.” அப்பா முதலில் சிரித்தார், பிறகு முறைத்தார், கடைசியில் கேட்காத மாதிரி இருக்கக் கற்றுக்கொண்டார். மில் சத்தத்தில் அது சுலபம்.

அடுத்த மாதம் அம்மா மாவு படிந்த படியில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். டப்பாக்களை வாங்கி வரிசைப்படி வைப்பது அம்மாவின் வேலை. அது இப்போது மகள் தலையில். வேறு போக்கிடம் இல்லாததால் கீழே இறங்கினாள். பதினெட்டு வருஷம் மேலே வாழ்ந்தும், மில் ஓடும்போது அதன் பக்கத்தில் அவள் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் நின்றதில்லை.

மூன்றாம் நாள் அது நடந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, யோசனை இல்லாமல், வாயை மூடிக்கொண்டே முனகிக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு டப்பாவைத் தூக்கி மேல் தொட்டியில் கொட்டினார். தானியம் கல்லுக்குள் இறங்கியது. மோட்டார் மூச்சை இழுத்துக்கொண்டு வேகம் குறைந்தது. ரீங்காரம் கொஞ்சம் புதைந்தது. அவள் முனகலும் கூடவே புதைந்தது.

நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தொட்டி காலியானது. ரீங்காரம் எழுந்து பழைய இடத்துக்கு வந்தது. அவளும் வந்திருந்தாள், யாரும் கூப்பிடாமலே.

மாடிக்கு ஓடினாள். மில் சத்தத்தில் கேட்காததால் மூலையில் துணி போர்த்திக் கிடந்த சுருதிப் பெட்டியைக் கொண்டுவந்து காதோடு வைத்துக்கொண்டாள். அப்பா அடுத்த டப்பாவைக் கொட்டினார். அரைச் சுருதி. நூல் பிடித்த மாதிரி அரைச் சுருதி. துணி ஒட்டிய அந்த அறையில், மில்லே இல்லாத இடத்தில், அவள் தொண்டை அடுத்த டப்பாவுக்காகக் காத்திருந்திருக்கிறது. வரி மூன்றானதும், கொட்டியாயிற்று என்று நினைத்துத் தானாக இறங்கியிருக்கிறது.

ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தாள். வரிசையில் இருந்த பெண் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, “பொண்ணுக்கு என்ன ஆச்சு?” என்றாள்.

“தெரியலே. சிரிக்கிறா. ஒரு மாசம் கழிச்சு சிரிக்கிறா, விடுங்க” என்றார் அப்பா.

மில் விடுமுறை நாள் வந்தது. வீடு அமைதியாக இருந்தது. கட்டுப்போட்ட காலை நீட்டி அம்மா, தினசரியோடு அப்பா, ஒரு கன்னம் மட்டும் வழித்த அண்ணன். பெட்டியை நடுவில் வைத்து, “எல்லாரும் பாடுங்க. நான் பாடலை, கேக்கறேன்” என்றாள்.

அவளாகவே பாட்டைப் பற்றிப் பேசியதில் மூவருக்கும் சந்தோஷம். அப்பா எடுத்துக் கொடுத்தார். முதல் இரண்டு வரி நன்றாகப் போயிற்று. மூன்றாவதில் அப்பா புதைந்தார். அதே இடத்தில் அம்மா. அதே இடத்தில், ஒரு நொடி பிந்தாமல், அண்ணன். மூவரும் சேர்ந்து ஒரே படியில் இறங்கினார்கள், இல்லாத ஒரு டப்பாவுக்காக. ஆறாவது வரியில் ஒன்றாக மேலே வந்தார்கள். அம்மாவின் கண்ணில் வழக்கம்போலத் தண்ணீர்.

“எப்படி?” என்றார் அப்பா.

“நாம நாலு பேரும் மில்லோட பாடுறோம்ப்பா. நீங்க கொட்டினா மில் இறங்குது, நாமளும் இறங்குறோம்.” பெட்டியைக் காட்டினாள். “இது இறங்கலை, பாருங்க.”

அப்பா பெட்டியைக் கையில் எடுத்தார். தட்டினார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். “பெட்டிதான் சரியில்லே” என்றார்.

அண்ணன் சோப்பு நுரையோடு வெடித்துச் சிரித்தான். “அப்போ அந்தக் காலேஜ்ல இருந்த பெட்டியும் ரிப்பேர். உலகத்துல இருக்கற பெட்டியெல்லாம் ரிப்பேர். நம்ம மில் மட்டும் கரெக்ட்.”

“நீ மூடுடா. பாதி மூஞ்சியோட பேசாதே.”

அவளுக்கு அப்போது வேறொன்று தெரிந்துகொண்டிருந்தது. காது பொய் சொல்லவில்லை. மயிரிழை பிசகாமல் அது மில்லைப் பிடித்து வைத்திருந்தது. தான் பாடிக்கொண்டிருப்பதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். இத்தனை வருஷம் அவள் செய்தது கேட்டுக்கொண்டிருந்ததுதான்.

பிறகு வேண்டுமென்றே கேட்க ஆரம்பித்தாள். தேதி கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்தாள். கோதுமை எவ்வளவு இறக்குகிறது, அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு. பெல்ட் புதிதாக மாட்டிய நாளில் என்ன, மழை நாளில் என்ன. விஷயம் வெளியே தெரிந்ததும் வரிசையில் இருந்தவர்களுக்குப் பொழுதுபோனது.

“ஏய் ரேடியோ, கண்ணை மூடு. இப்ப யார் டப்பா?”

“அரிசி. ஈரம் போகலே. காயவெக்க மறந்துட்டீங்களாக்கா?”

“மறக்கலேடி, மழை வந்துடுச்சு. அப்பாடி, இது காதா, என் மாமியாரா?”

ஒரு நாள் டீச்சர் வந்தார். முன்னால் வராமல் வரிசையின் கடைசியில் நின்றார். முறை வந்ததும் அவள் டப்பாவை வாங்கிக்கொண்டாள். மாவைத் திருப்பித் தரும்போது, “சூடா இருக்கு டீச்சர், மூடியைக் கொஞ்சம் திறந்து வெச்சுக்கோங்க” என்றாள். டீச்சர் தலையசைத்தார். அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு காலை, மில் கிளம்பியதுமே அவள் அப்பாவின் கையைப் பிடித்தாள். “நிறுத்துங்கப்பா. அடியில வேற ஒரு சத்தம் இருக்கு.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலியே.”

“எனக்குக் கேக்குது.”

வெளியே பன்னிரண்டு டப்பா. அப்பா பெண்ணையும் டப்பாக்களையும் மாறி மாறிப் பார்த்தார். இசைக் கல்லூரியில் என்ன நடந்தது என்று வரிசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ‘உனக்கு என்ன தெரியும்’ என்று இந்த முறை அவர் கேட்கவில்லை. சுவிட்சை இறக்கினார்.

மெக்கானிக் வந்தார். ஒரு மணி நேரம் மோட்டாரைப் பிரித்தார். பேரிங்கை விரலில் சுழற்றிக் காட்டினார். “புதுசு மாதிரி இருக்கு. இதுக்காகவா என்னைக் காப்பிகூடக் குடிக்க விடாம இழுத்துட்டு வந்தீங்க?” வரிசை முணுமுணுத்தது. ஒருத்தி டப்பாவை எடுத்துக்கொண்டு அடுத்த தெரு மில்லுக்கே போய்விட்டாள். ரேடியோவுக்கு முகம் எரிந்தது. துணி ஒட்டிய அறைக்கே திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது.

மாடிப்படியில் கால் வைத்தவள் நின்றாள். அங்கே, அவள் பாடியதைச் சரிபார்க்க ஒரு பெட்டி இருந்தது. கேட்டதும் ஒப்புக்கொண்டாள். இங்கே பெட்டி எது?

திரும்பினாள். “மாட்டி ஓட்டுங்கண்ணே. ஒரே ஒரு தடவை.”

“மறுபடியுமா?”

“ஓட்டிக் காட்டுய்யா” என்றார் அப்பா.

ஓடியது. சத்தம் இருந்தது. மோட்டாரை விட்டாள். சுற்றி வந்தாள். பெல்ட் பக்கம், கல் பக்கம். ஒவ்வொரு இடத்திலும் நின்று கண்ணை மூடினாள். பிறகு குனிந்து, மாவில் மண்டியிட்டு, மோட்டாரைத் தரையோடு பிடித்திருந்த நான்கு போல்ட்களில் உள்மூலைப் போல்ட்டின் மேல் விரலை வைத்தாள். “இதுதான் பேசுது.”

மெக்கானிக் மில்லை நிறுத்தச் சொல்லிவிட்டு ஸ்பானர் போட்டார். போல்ட் திரும்பவே இல்லை. மொத்தமாகக் கையோடு வந்தது. அடியில் இற்று, பாதி அறுந்திருந்தது. அப்பாவின் கால் தினமும் அதற்கு ஒரு முழம் தள்ளித்தான் நிற்கும். அதை அவளும் அப்பாவும் பார்த்தார்கள்.

மெக்கானிக் போல்ட்டை ஒளியில் பிடித்துப் பார்த்தார். “நான் கேட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது” என்றார். பிறகு, “இப்பவாவது காப்பி உண்டா?”

அந்த வருஷமே அவள் தொழிற்கல்லூரியில் மோட்டாரும் பம்ப்பும் படிக்க விண்ணப்பித்தாள். அப்பா தாளை நெடுநேரம் பார்த்தார்.

“பொண்ணு பாட்டுப் படிக்கப் போறான்னு தெருவுக்கே சொல்லிட்டேன். இப்ப என்னன்னு சொல்லுவேன்?”

“கேக்கப் படிக்கறான்னு சொல்லுங்க.”

அப்பா அப்படியே சொன்னார். யாருக்கும் புரியவில்லை. அது அவருக்குப் பெருமையாகவே இருந்தது.

பம்ப் ஹவுஸில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம் அப்பா பார்க்க வந்தார். மகளின் வேலையிடத்துக்கு வருகிற மரியாதைக்காகப் புருவத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தார். ஆள் உயர மூன்று பம்ப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இதுல எதையும் கொட்ட வேணாமா?”

“வேணாம்ப்பா. தண்ணி அதுபாட்டுக்குப் போகும்.”

“அப்போ இறங்கவே இறங்காதா?”

“அநேகமா இறங்காது.”

அவர் கொஞ்ச நேரம் அதைக் கேட்டார். பிறகு, கையைப் பின்னால் கட்டியபடி, அவரை அறியாமல் ஆரம்பித்தார். பழைய பாட்டுதான். தேர்வு நாளுக்குப் பிறகு அவள் யாரோடும் சேர்ந்து பாடியதில்லை. முதல் வரியை விட்டுவிட்டாள். இரண்டாவதில் சேர்ந்துகொண்டாள்.

மூன்றாவது வரியில் அப்பா இறங்கினார். அவள் தொண்டை கூடவே போகப் பார்த்தது. பம்ப்பைக் கேட்டாள். அதன் சுருதியிலேயே நின்றாள். நான்காவது வரி, ஐந்தாவது வரி. ஒரே அறையில் இரண்டு குரல், நடுவில் அரைச் சுருதி இடைவெளி. காதுக்குச் சுகமாக இல்லை. அவள் நகரவில்லை. ஆறாவது வரியில் அப்பா எழுந்து, அவள் நின்றிருந்த இடத்துக்கே வந்து சேர்ந்தார்.

அப்பா திரும்பிப் பார்த்தார். “என்னம்மா, நீ வரலியா?”

“நீங்க வருவீங்கன்னு தெரியும்ப்பா” என்றாள்.

அவர் போன பிறகு ஸ்கேலை எடுத்துப் பதிவேட்டில் சூட்டுக்கும் கையெழுத்துக்கும் நடுவில் ஒரு கோடு போட்டாள்.